நுழைவுக் குறிப்பும் உழைப்புக் கணக்கும்

கணினியின் முன் அமர்ந்து காரியம் பார்க்கும் ஒருவர் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்று யந்திரமே குறித்துவைக்கும் லாகின் பதிவைக் காட்டிலும் அவருடைய உழைப்புக்கு நேர்மையான சாட்சியம் வேறில்லை என்னும் அபிப்பிராயம், சென்ற சில ஆண்டுகளுக்குள் நம்மிடையே வெகு ஆழமாக வேரூன்றிவிட்டது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகளில் இயங்கும் பெரிய ஸ்தாபனங்களோடு அது நின்றுவிடவில்லை. புதுக்கோட்டையில் கீழராஜ வீதியை ஒட்டிய சந்துகளில் பத்துப் பேரை வைத்து டேட்டா என்ட்ரி நடத்துகிறவர் முதல், அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கைப்பேசியில் படம்பிடித்து வருகை பதியச் சொன்ன நிர்வாகம் வரை, அது ஒரு சித்தாந்தமாகவே பரவியிருக்கிறது. அதை மறுத்துப் பேசுகிறவன் சோம்பேறிகளுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்ற பழிக்கு ஆளாகிறான். அந்தப் பழி வந்தாலும் வரட்டும். இந்த அபிப்பிராயம் தவறானது. அது சரித்திரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேசும்போது இரு மடங்கு தவறானது.

மறுக்கப் புகுமுன் பூர்வபட்சத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துவைப்பதே முறை. அவர்கள் சொல்வது இது: மனிதர் கைப்பட எழுதும் வருகைப் பதிவேட்டில் தாட்சண்யம் உண்டு, பகை உண்டு, பத்து மணிக்கு வந்துவிட்டு ஒன்பதரை என்று கையொப்பமிடும் சாமர்த்தியமும் உண்டு, யந்திரத்துக்கோ உறவுமில்லை, பகையுமில்லை. இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததுமன்று. ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்ற மெயின்ஃபிரேம் கணினியை நேரப் பங்கீட்டு முறையில் பலர் ஒருங்கே ஆண்ட காலந்தொட்டே, ஒவ்வொருவருடைய அமர்வையும் கணக்கிட்டார்கள், கணக்கிட்டதற்குக் கட்டணமும் வசூலித்தார்கள். அறுபது ஆண்டுகளாக அறிஞர்களும் பொறியாளர்களும் கைக்கொண்ட அளவுகோலை இன்று ஒரு தாலுகா அலுவலகத்திலோ தனியார் நிலையத்திலோ கொண்டுவந்து வைத்தால் மட்டும் என்ன குற்றம்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் சரித்திரம் என்று சொல்லப்படுகிற பகுதி முழுவதும் தலைகீழாக இருக்கிறது என்பதை, அந்தச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்க்கிற எவரும் உணர்வர்.

1950களில் கணினியைப் பயன்படுத்த விரும்பிய ஆராய்ச்சியாளர், துளையட்டைகளில் தம் நிரலைக் குத்தி, கட்டாகக் கட்டி, ஆபரேட்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து வந்து அச்சடித்த தாளைப் பெற வேண்டும். ஒரு காற்புள்ளி பிசகியிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்ட காலத்திலும் அட்டைக்கட்டைக் கையில் ஏந்திய மாணவர்கள் நம் நாட்டில் சகஜமான காட்சியாகவே இருந்தார்கள். யந்திரத்தின் விலை மலையளவு. ஆகையால் மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கலாம், யந்திரம் ஒரு கணமும் காத்திருக்கலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் தர்மமாக இருந்தது. 1959 ஜனவரி முதல் தேதியிட்ட குறிப்பொன்றில், அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ஜான் மெக்கார்த்தி இதற்கு மாற்றாக ஒரு யோசனையை முன்வைத்தார். பலரும் தத்தம் தட்டச்சு முனையத்தின் முன் ஒரே சமயத்தில் அமரட்டும். ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் இடைவெளியில் யந்திரம் மற்றொருவருடைய காரியத்தைக் கவனிக்கட்டும். அதன் வேகத்தில், யந்திரம் முழுவதும் தமக்கே சொந்தம் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய சகாக்களும் ஐபிஎம் 709 யந்திரத்தில் நான்கு முனையங்களை வைத்து இதைப் பிரத்தியட்சமாகச் செய்து காட்டினார்கள். சிடிஎஸ்எஸ் என்று வழங்கப்பட்ட அந்த அமைப்பு, பின்னர் 7094 யந்திரத்துக்கு மாறி, ஏறத்தாழ முப்பது பேருக்கு ஒரே வேளையில் இடங்கொடுத்தது.

இந்த யோசனை எந்த அஸ்திவாரத்தின்மீது நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முனையத்தின் முன் அமர்ந்திருக்கும் மனிதன், அமர்ந்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் யந்திரத்துக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை. திரையையோ காகிதத்தையோ பார்த்துக்கொண்டிருக்கிறான், முந்தின விடை ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கிறான், பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறான், அடுத்து எதைக் கேட்பது என்று தீர்மானிக்கிறான். இந்த இடைவெளிகள் இல்லாவிட்டால் முப்பது பேருக்கு ஒரு யந்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருப்பதும் யந்திரத்தை இயக்குவதும் வெவ்வேறு என்ற உண்மையை மூலதனமாக வைத்தே நேரப் பங்கீடு பிறந்தது. அதே நேரப் பங்கீட்டின் பெயரைச் சொல்லி, உள்ளே இருந்த நேரமும் வேலை செய்த நேரமும் ஒன்றே என்று வாதிடுகிறவர்கள், வேரை வெட்டிவிட்டுக் கிளையில் ஏறி நிற்கிறார்கள்.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர் 1960களின் முற்பாதியில் சிடிஎஸ்எஸ் பயனாளர்களின் அமர்வுகளை அளந்து, அந்த அளவுகளைக் கொண்டே தமது முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். 1965இல் முடிந்த அந்த ஆய்வு, கணினிச் செயல்திறனை அளக்கும் சாஸ்திரத்துக்கே ஆதி நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அவர் கண்டது என்ன? யந்திரம் விடை தந்த கணத்திலிருந்து பயனாளர் அடுத்த கட்டளையை இட்டு முடிக்கும் வரை சராசரியாக 35 விநாடி கழிந்தது; அந்தக் கட்டளையை நிறைவேற்ற மையச் செயலிக்குத் தேவைப்பட்டதோ சராசரியாக ஒரு விநாடிக்கும் குறைவு. இந்த 35 விநாடியைச் ‘சிந்தனை நேரம்’ என்று அத்துறையினர் இன்றளவும் வழங்குகிறார்கள். யந்திரத்தின் கண்ணுக்குச் சூனியமாகத் தெரிந்த அந்த நேரத்தைச் சோம்பல் என்றோ வீண் என்றோ அவர்கள் எழுதவில்லை. மனிதன் யோசிக்கிறான் என்று எழுதினார்கள். அமர்வை முதன்முதலாகச் செம்மையாக அளந்தவர்களே தங்கள் அளவுகோலின் எல்லையை அறிந்திருந்தார்கள். அதை இரவல் வாங்கியவர்களுக்குத்தான் எல்லை தெரியவில்லை.

இதே ஷெர் வாழ்வில் நடந்த மற்றொரு சம்பவம் நம் வாதத்துக்கு இன்னும் நேரடியாக உதவுகிறது. 1962இல் அவருக்கு சிடிஎஸ்எஸ்ஸில் வாரத்துக்கு நான்கு மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் ஓட்ட வேண்டிய கணக்குகளுக்கு அது எம்மூலைக்கும் போதவில்லை. பயனாளர்களின் கடவுச்சொற்கள் யாவும் அமைப்புக்குள் ஒரே கோப்பில் இருந்தன. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் விண்ணப்பிக்கலாம் என்ற வசதியும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் அந்தக் கோப்பின் பெயரைக் குறித்து விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு மற்றவர்களுடைய கணக்குகளில் நுழைந்து தம் வேலையைத் தொடர்ந்தார். பழி தம்மேல் மட்டும் விழக்கூடாதென்று அந்தக் கடவுச்சொற்களை வேறு சிலருக்கும் கொடுத்தார். அவர்களுள் ஒருவரான ஜே.சி.ஆர். லிக்லைடர், கணினிக்கூடத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபானோவின் கணக்கிலேயே புகுந்து பரிகாசச் செய்திகளை எழுதிவைத்தாராம். பல ஆண்டுகளுக்குப் பின் ஷெரே இவற்றை வெளியிட்டார்.

யந்திரப் பதிவு தாட்சண்யமற்ற சாட்சி என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த வாரங்களில் சிடிஎஸ்எஸ் எழுதிவைத்த நுழைவுக் குறிப்புகளில் ஒரு பிழையுமில்லை. எந்தக் கணக்கு எப்போது திறக்கப்பட்டதோ அதை அப்படியே எழுதியது. ஆனால் அவற்றுள் பல, உழைக்காதவரின் பெயரில் உழைப்பையும், உழைத்தவரின் பெயரில் வெறுமையையும் காட்டின. யந்திரம் பொய் சொல்லவில்லை. ஒரு கணக்கு திறந்தது என்ற உண்மையைத்தான் சொன்னது. ஒரு மனிதர் உழைத்தார் என்ற வாக்கியத்தை அதன் வாயில் திணித்தவர்கள் பின்வந்தவர்கள். இன்று நம் அலுவலகங்களில் ஒருவருடைய கடவுச்சொல்லை நால்வர் அறிந்திருப்பதும், அவசரத்துக்கு மேலதிகாரியின் கணக்கில் கீழுள்ளவர் காரியம் முடிப்பதும், பிரிவில் யார் முதலில் வந்தாரோ அவருடைய லாகினில் நாள் முழுவதும் எல்லோரும் வேலை பார்ப்பதும் யாரும் அறியாத ரகசியங்களல்ல.

நுழைவின் சங்கதி இதுவென்றால், வெளியேற்றத்தின் சங்கதி இன்னும் மோசம். நுழைகிறவர் தம் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். போகிறவர் சொல்லிக்கொண்டு போக வேண்டுமென்ற நிர்ப்பந்தம் எந்த அமைப்பிலும் இல்லை. தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகும், மின்சாரம் நின்றுபோகும், யந்திரமே திடீரென்று படுத்துவிடும், ஆள் எழுந்து சாப்பிடப் போய்விட்டு அப்படியே வீட்டுக்கும் போய்விடுவார். இந்தச் சங்கடம் தெரிந்தே பழைய பொறியாளர்கள் வேலை செய்தார்கள். 1965இல் எம்ஐடியும், பெல் ஆய்வுக்கூடமும், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் அமைப்பில், நெடுநேரம் அசைவற்றிருக்கும் அமர்வை அமைப்பே முடித்துவிட ஏற்பாடு இருந்தது. ஐபிஎம் மெயின்ஃபிரேமில் டிஎஸ்ஓ என்னும் நேரப் பங்கீட்டு வசதி வழியாக வேலை செய்யும் எவரையும் கேளுங்கள், 522 என்ற எண் அவருக்குப் பாடமாயிருக்கும்: நிலையம் வகுத்த நிமிடங்களுக்கு மேல் ஓசையில்லாமல் இருந்தால் அமர்வை அறுத்துவிட்டு அமைப்பு காட்டும் குறி அது. காலாவதியான அமர்வு நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, காத்திருக்கும் மற்றொருவருக்கு அந்த இடம் வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டது.

மல்டிக்ஸிலிருந்து பெல் ஆய்வுக்கூடம் 1969இல் விலகிய பின் அங்கேயே பிறந்த யூனிக்ஸ், பயனாளர் வரவுபோக்கைக் குறிக்க டபிள்யூடிஎம்பி என்னும் கோப்பை வைத்துக்கொண்டது. அதன் அமைப்பை ஊன்றிப் பார்க்கிறவருக்கு அதை வகுத்தவர்களின் நேர்மை விளங்கும். வெளியேற்றத்துக்கென்று தனி வடிவம் அதில் கிடையாது; அந்த முனையத்துக்கு நேரே பெயர்க்கட்டம் வெறுமையாயிருந்தால், அங்கிருந்தவர் போய்விட்டார் என்று பொருள். யந்திரம் மறுபடி தொடங்கிய வேளையையும் அதே கோப்பில் குறித்தார்கள். ஏனெனில் யந்திரம் படுத்த கணத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற்றக் குறிப்பு எழுத ஒருவருமில்லை. யாரேனும் அந்தக் கோப்பை அழித்துவிட்டால் அமைப்பு அதைத் தானாகப் புதிதாய் உண்டாக்குவதுமில்லை. பதிவு வேண்டாமென்று நிர்வாகி நினைத்தால் கோப்பை நீக்கிவிட்டால் போதும், வேலை வழக்கம்போல நடக்கும். அந்தக் கோப்பைப் படித்துக் காட்டும் ‘லாஸ்ட்’ என்னும் கட்டளையை இன்றும் ஒரு லினக்ஸ் கணினியில் இட்டுப் பார்க்கலாம். சில வரிகளின் இறுதியில் மணிக்கணக்குக்குப் பதில் ஆள் போய்விட்டார், வெளியேறிய குறிப்பு இல்லை என்ற பொருளில் சில சொற்கள் தோன்றும். சிலவற்றில் யந்திரம் படுத்துவிட்டதென்ற சொல் தோன்றும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்த வரிகளை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று சம்பளக் கணக்கோடு இணைக்கப்படும் மென்பொருள்களில் இந்த வரிகள் காணாமற்போய்விட்டன. வெளியேற்றக் குறிப்பு இல்லையென்றால் பூஜ்யம் என்றோ, அரை நாள் என்றோ, தங்களுக்கு உகந்த ஓர் எண்ணை அந்த இடத்தில் நிரப்பிவிட்டு, அதையும் யந்திரமே சொன்னதாகக் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

இனிக் கட்டணத்தின் கதை. அமர்வு நேரத்துக்கு மெயின்ஃபிரேம் நிலையங்கள் பணம் வாங்கியது மெய்தான். ஆனால் அது யாரிடமிருந்து யாருக்கு, எதற்காகச் சென்ற பணம்? யந்திரத்தில் ஒருங்கே இணையக்கூடிய தொடர்புகளுக்கு வரம்பு இருந்தது. ஒருவர் இணைந்திருக்கும் வரை அந்தத் தொடர்பு மற்றவருக்குக் கிடையாது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டதற்கு வாடிக்கையாளர் செலுத்திய வாடகை அது. மையச் செயலி உழைத்த விநாடிகளுக்கும், வட்டில் கோப்புகள் அடைத்த இடத்துக்கும் வெவ்வேறு விகிதத்தில் தனித்தனியாக வசூலித்தார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் எஸ்எம்எஃப் என்னும் பயன்பாட்டுக் கணக்குப் பதிவுகளில் அமர்வு தொடங்கியது ஒரு கணக்கு, செயலி நேரம் ஒரு கணக்கு, முனையத்தோடு எத்தனை முறை பேச்சு நடந்தது என்பது வேறொரு கணக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்று தெரிந்தபடியால்தானே இத்தனை கட்டங்கள்? ஒருவர் முனையத்தில் எட்டு மணி நேரம் அமர்ந்திருந்தார், ஆகையால் அவருக்கு எட்டு மணி நேரக் கூலி என்றோ, அவர் ஆறு மணி நேரமே அமர்ந்தார், ஆகையால் கூலியைக் குறை என்றோ சொல்வதற்கு இந்தக் கட்டணக் கணக்கில் இம்மியும் ஆதாரமில்லை. குடியிருப்பவரின் வாடகைச் சீட்டைக் காட்டி அவருடைய கூலியை நிர்ணயிக்க முற்படும் விபரீதம் இது.

இந்த விபரீதம் நம் ஊரில் எப்படி நடக்கிறது என்பதை ஓரிடத்தில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய கிரயப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றும் நிலையம் அது, பெயர் வேண்டாம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த காரணத்தால், அந்தக் காலத்துப் பத்திரங்களில் நிலத்தின் அளவு மாவும் காணியும் முந்திரியுமாகத் தமிழ்ப் பின்னக் குறிகளில் வரும். கையெழுத்தோ கூட்டெழுத்தும் சுழியுமாக ஓடும். சக்குபந்தியில் கிழக்கே இன்னாருடைய புன்செய், தெற்கே கண்மாய் உள்வாய் என்று சொல்லும்போது மசி பரவிய இடத்தில் ஊர்ப்பெயர் பாதி அழிந்திருக்கும். அங்கே வேலை செய்த ஒரு பெண், இம்மாதிரி ஒரு வரி வந்தால் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, முந்தின பத்திரத்தில் அதே கை அதே எழுத்தை எப்படிப் போட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, நிச்சயமான பிறகே தட்டச்சு செய்வாள். ஐந்து நிமிஷம் விசை அசையாவிட்டால் அவளுடைய பெயருக்கு நேரே பச்சை விளக்கு அணைந்து மஞ்சளாகும். மாத முடிவில் மஞ்சள் நிமிஷங்களைக் கூட்டிக் கூலியில் கழித்தார்கள். அடுத்த மேஜையில் இருந்தவர் புரியாத சொல் வந்தால் தோன்றியதை அடித்துவிட்டு மேலே போவார்; தேநீர் குடிக்கையிலும் ஒரு விரல் இடைவெளி விசையைத் தட்டிக்கொண்டேயிருக்கும். அவருடைய விளக்கு மாதம் முழுவதும் பச்சை.

அந்தப் பெண் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்த நேரம்தான் அன்று அந்த நிலையத்தில் நடந்த மெய்யான வேலை. ஷெர் அளந்த 35 விநாடியின் நேர் வாரிசு அது. தவறாக ஏறிய ஒரு முந்திரிக் குறியால் பத்து ஆண்டு கழித்து இரண்டு பங்காளிகள் நீதிமன்றப் படி ஏறுவார்கள். அந்தச் சேதத்தைப் பச்சை விளக்கு கணக்கில் கொள்ளாது. கண்காணிப்பு இல்லையென்றால் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்பது எதிர்வாதிகளின் கடைசி அஸ்திரம். இங்கே கண்காணிப்பே ஏமாற்றுகிறவருக்குப் பரிசும், ஏமாற்றாதவளுக்குத் தண்டனையும் வழங்கியதை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இவ்வளவும் சொன்னதனால், அமர்வுகளைப் பதிவதே ஒற்றுவேலை, அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று மறுபக்கத்தில் குரல் எழுப்புகிறவர்களோடு நான் சேர்ந்துகொண்டதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. அவர்களும் சரித்திரத்தை அறியாமலே பேசுகிறார்கள். நேரப் பங்கீட்டு அமைப்புகளில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எவரும் பார்க்கலாம்; மல்டிக்ஸில் ‘ஹூ’ என்று தட்டினால் அந்தச் சமயம் இணைந்திருந்தோரின் பெயர்கள் வரும். தம் பெயர் பட்டியலில் வராதிருக்கும்படி சிலருக்கு விதிவிலக்கு அளிக்கவும் அதில் இடமிருந்தது. ஸ்டான்ஃபோர்டு செயற்கை அறிவுக் கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் 1971 வாக்கில் ‘ஃபிங்கர்’ என்ற நிரலை எழுதியதன் நோக்கம், வேளை கெட்ட வேளையில் வேலை செய்த சகாக்களுள் யார் இருக்கிறார், யார் எப்போது திரும்புவார் என்று ஒருவரையொருவர் அறிந்து கூடிப் பேசுவதே. ஒருவர் எத்தனை நிமிஷம் விசையைத் தொடாமல் இருக்கிறார் என்பதையும் அது காட்டியது. கூப்பிட்டால் மறுமொழி வருமா என்று தெரிந்துகொள்ளப் பயன்பட்ட அந்த எண்ணே இன்று மஞ்சள் விளக்காகக் கூலியைத் தின்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவை முதலில் யாரிடம் காட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். மல்டிக்ஸில் நுழைந்த உடனே, நீங்கள் கடைசியாக நுழைந்தது இன்ன நாள், இன்ன முனையத்திலிருந்து என்று உங்களுக்கே தெரிவிக்கும். இடையில் யாரேனும் உங்கள் கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்துப் பார்த்திருந்தால் அதையும் சொல்லும். ஐபிஎம் மெயின்ஃபிரேமில் ஆர்ஏசிஎஃப் என்னும் பாதுகாப்பு மென்பொருள் காவல் காக்கும் இடங்களில் இன்றும், கடைசி நுழைவு இந்த மணி, இந்த நாள் என்ற ஒரு வரி பயனாளரை வரவேற்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் நுழையவில்லையென்றால் உங்கள் பெயரில் வேறொருவர் புகுந்திருக்கிறார் என்று உடனே விளங்கிவிடும். அமர்வுப் பதிவின் உத்தமமான உபயோகம் இதுதான்: பதிவுக்கு உரியவரே அதன் முதல் வாசகர்.

நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே இதற்குச் சரியான உவமை இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுக்காரர்கள் மீன்வளத்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார்கள். எந்தப் படகு போயிருக்கிறது என்று அதனால் தெரிகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கனை நிறுத்துகிறார்கள். போன படகு திரும்பாவிட்டால், எந்தப் படகைத் தேடுவது என்பதற்கு அந்தப் பதிவே முதல் ஆதாரம். கரையில் நிற்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை எல்லை தாண்டியதாகச் சொல்லிச் சிறைபிடிப்பு நடக்கும் நாட்களில் அங்கே போய்ப் பார்க்கிறவர்கள் அறிவார்கள். ஆனால் டோக்கன் வாங்கிய மணியையும் கரைக்கு வந்த மணியையும் கழித்து, இத்தனை மணி நேரம் கடலில் இருந்தான், ஆகையால் இத்தனை கிலோ இறால் பிடித்திருப்பான் என்று எந்த வியாபாரியும் விலை பேசுவதில்லை. மீனைத் தராசில் வைத்துத்தான் நிறுக்கிறார்கள்.

நூறு நாள் வேலையில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. 2021 மே மாதத்தில் தொடங்கிய என்எம்எம்எஸ் என்னும் கைப்பேசிச் செயலி 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டு, பணித்தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றாயிற்று. நுழைவு ஒன்று, வெளியேற்றம் ஒன்று என்ற பழைய அமர்வுப் பதிவின் மறு அவதாரம்தான் இது. வித்தியாசம் என்னவெனில், பழைய அமைப்பில் வெளியேற்றக் குறிப்பு தவறினால் யாருடைய வயிறும் காயவில்லை. கண்மாய் உள்வாயில் சிக்னல் கிடைக்காமலோ, பணித்தளப் பொறுப்பாளரின் கைப்பேசி சூடேறி நின்றுபோனதாலோ இரண்டாம் படம் ஏறாவிட்டால், அன்று வெயிலில் மண் சுமந்தவளின் நாளே கணக்கிலிருந்து விழுந்துபோகும். படம் ஏறினால் வேலை நடந்ததாக ஆகிவிடுமா என்றால், அதுவுமில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, ஏற்கெனவே உள்ள படத்தையே படம்பிடித்து ஏற்றுகிறார்கள், பதிவில் உள்ள எண்ணிக்கையும் படத்தில் உள்ள தலைகளும் பொருந்தவில்லை என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டு, ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மனிதரை நம்ப முடியாதென்று யந்திரத்தை வைத்தார்கள். யந்திரத்தை நம்ப முடியாதென்று மறுபடி மனிதரை வைத்தார்கள். இடையில் போனது கூலிக்காரரின் நாள்.

அப்படியானால் உழைப்பை எதைக்கொண்டு அளப்பது என்று கேட்பார்கள். செய்த வேலையைக் கொண்டு அளப்பது. வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழத்தை ஓவர்சியர் டேப் பிடித்துப் பார்த்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏற்றும் வழக்கம் இந்தச் செயலி வருவதற்கு முன்பே இருந்தது. பத்திரம் ஏற்றும் நிலையத்தில், எத்தனை பத்திரம் ஏறியது, மறுபார்வையில் எத்தனை பிழை கண்டது என்று எண்ணலாம். மேலே சொன்ன பெண்ணின் நாள் எத்தகையது, அடுத்த மேஜைக்காரரின் நாள் எத்தகையது என்பது ஒரே வாரத்தில் வெளிச்சமாகிவிடும். ஓவர்சியர் கூடுதலாக எழுதுவார், குறைத்து எழுதுவார் என்ற ஆக்ஷேபத்தில் உண்மை உண்டு. அதற்காகவே நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபையின் வழியே சமூகத் தணிக்கையை விதித்தது. இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இந்த இடத்தில் இவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்று கணக்கை ஊரார் முன் வாசித்தால், அங்கே மண் எடுத்தவர்களே எழுந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவார்கள். நுழைவுப் பதிவையும் அதே கூட்டத்தில், விடுபட்ட இடங்கள் விடுபட்டவையாகவே எழுதப்பட்ட நிலையில் வாசிக்கட்டும். பதிவுக்கு உரியவர்கள் கேட்டு, திருத்தி, ஒப்புக்கொள்ளாத எந்தக் குறிப்பைக் கொண்டும் ஒரு நாள் கூலியையும் கழிக்கலாகாது என்று விதி செய்யட்டும்.